உமிக்கரி ஒளியூக்கி வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

காலபோக அறுவடை முடிந்ததும் வன்னியில் எந்த மில்லின் பின்பக்கம் போனாலும் உமி குவிந்து கிடக்கும். ஒரு தொன் நெல் குற்றினால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதில் ஒரு பையை நிரப்பிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வரும் பிள்ளைகளோடு சில வருடங்களாக வேலை செய்கிறேன். உமியைக் கரியாக்கி, அதன்மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டையோ நாக (சிங்க்) ஒட்சைட்டையோ ஏற்றி, வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீரில் கலந்த மருந்தை உடைப்பதுதான் அவர்களுடைய திட்டம். இப்படி வெளிச்சம் பட்டு வினையைத் தூண்டும் தூளைத்தான் ஒளியூக்கி என்கிறோம். சிலர் கச்சான் கோது கொண்டுவருவார்கள், சிலர் பனை ஊமல், சிலர் சிரட்டை. மூலப்பொருள் மாறினாலும் வரும் பிழைகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அறிகுறி அறிகுறியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும்.

எதற்கும் முன்னால்: மூன்று முகவைகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் புதிதாகத் தூள் செய்யத் தொடங்காதீர்கள். முதலில் மூன்று முகவைகளை வையுங்கள். ஒன்றில் மருந்தும் தூளும், முழு இருட்டில். இரண்டாவதில் மருந்து மட்டும், தூள் இல்லாமல், வெளிச்சத்தில். மூன்றாவதில் தூளும் வெறும் காய்ச்சி வடித்த நீரும், மருந்து இல்லாமல், வெளிச்சத்தில். ஒரு பகல் போதும். என்னிடம் வந்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று முகவைகளிலேயே பிடிபட்டிருக்கின்றன.

அறிகுறி 1: லைற் போடுவதற்கு முன்பே மருந்து குறைந்துவிடுகிறது

"அக்கா, இருட்டிலேயே பனடோல் காணாமல் போகுது" என்று சந்தோசமாக வந்து சொல்வார்கள். எனக்கு அந்த நேரம் மனம் கொஞ்சம் கனக்கும். மருந்து எங்கேயும் போகவில்லை. கரி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கரியை நாளைக்குக் குப்பையில் கொட்டினால், மழைக்கு மருந்து மெல்ல மெல்லக் கழன்று திரும்பவும் நிலத்தடி நீருக்குத்தான் போகும். உடைப்பது வேறு, ஒளித்துவைப்பது வேறு. இந்த வேலை முழுவதிலும் நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான்.

*இருட்டு நேரம் போதாமல் இருக்கலாம்.* பல செய்முறைகளில் 30 நிமிடம் இருட்டில் கலக்கச் சொல்லியிருப்பார்கள். வெறும் தைத்தேனியம் தூளுக்கு அது போதும். நுண்துளை நிறைந்த கரிக்குப் போதாது. ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஒரு மாதிரி எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு அளவீடுகள் ஒன்றாக வந்த பிறகுதான் லைற்றைப் போடலாம். ஊமல் கரிக்கும் சிரட்டைக் கரிக்கும் ஓரிரவு எடுத்தாலும் பொறுத்திருங்கள்.

*லைற்றுக்குப் பிறகு தூளைக் கழுவிப் பாருங்கள்.* தூளை வடித்தெடுத்து, சிறிதளவு எதனோலில் ஒரு மணிநேரம் கலக்கி, அந்த எதனோலில் எவ்வளவு மருந்து வந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். உதாரணமாக, லீற்றருக்கு 10 மில்லிகிராம் செறிவில் 100 மில்லிலீற்றர் கரைசல் எடுத்தால் அதில் உள்ள மருந்து 1 மில்லிகிராம். லைற்றுக்குப் பிறகு தண்ணீரில் 0.05 மில்லிகிராம்தான் மிச்சம் என்றால் 95 வீதம் நீங்கியது என்று எழுதத் தோன்றும். எதனோலில் 0.55 மில்லிகிராம் வந்தால்? உண்மையில் உடைந்தது கூடிப்போனால் 0.4 மில்லிகிராம், அதாவது 40 வீதம். எதனோல் கரியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிடாது என்பதால் உண்மை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

*கரி கூடிப்போயிருக்கலாம்.* கழுவலில் மருந்து நிறைய வந்தால், தூளில் கரியின் பங்கைக் குறைத்து அடுத்த தொகுதியைச் செய்யுங்கள். கொஞ்சம் கரி மருந்தை ஊக்கியின் பக்கத்தில் கொண்டுவந்து கொடுக்கும். அளவு மீறினால் வெளிச்சத்தை மறைக்கும், மருந்தையும் உள்ளே பூட்டிவைக்கும்.

அறிகுறி 2: மணிக்கணக்காக லைற் எரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை

*முதலில் லைற்.* அனற்றேசு வகைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு 387 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். கடையில் ஊதா நிறமாக எரிகிற எல்.இ.டி. பட்டிகள் பல 395 முதல் 405 வரைதான். கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது என்பதால் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். பெட்டியில் அலைநீளத்தைப் பாருங்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் சிறிய லைற்றுகளில் 365 எழுதியவை கிடைக்கும். பலம் குறைவென்றாலும் சோதித்துப் பார்க்க உதவும். மாறாக, மீன்தொட்டிக்கும் தண்ணீர்க் கிருமி நீக்கத்துக்கும் விற்கிற 254 நானோமீற்றர் குழாய் ஊக்கியே இல்லாமல் சில மருந்துகளை உடைத்துவிடும். இரண்டாவது முகவை அதைக் காட்டிக்கொடுக்கும். எந்தக் கழியூதா லைற்றையும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். 254 குழாயை மூடிய பெட்டிக்குள் மட்டும் எரியுங்கள்.

லைற் இல்லாவிட்டால் வெயில் இருக்கிறது. காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 3 மணிவரை வன்னி வெயிலை விடச் சிறந்த, காசில்லாத விளக்கு கிடையாது. ஆனால் ஒரு நாள் முகில், அடுத்த நாள் நெருப்பு வெயில் என்றால் இரண்டு நாட் பெறுபேறுகளையும் ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டிய முகவைகளை ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

*அடுத்தது பாத்திரம்.* கண்ணாடி முகவை 365 நானோமீற்றர் ஒளியை விடும். மெல்லிய தண்ணீர்ப் போத்தலும் பெருமளவு விடும். அலுவலகங்களில் கவிழ்த்து வைத்திருக்கும் பெரிய, கெட்டியான தண்ணீர்ப் போத்தல் பெரும்பாலும் பொலிகாபனேற்று. அது நமக்கு வேண்டிய ஒளிக்கதிர்களை அநேகமாக முழுவதும் மறித்துவிடும். ஒருமுறை நானும் இரண்டு பிள்ளைகளும் அப்படி வெட்டிய ஒரு போத்தலுக்குள் பரிசோதனையை வைத்து மூன்று நாட்களைத் தொலைத்தோம். மூடியாகப் போடும் பிளாஸ்ரிக் தாளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

*பிறகு தூளின் அளவு.* லீற்றருக்கு 0.5 முதல் 1 கிராம்வரை தொடங்குங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று 3, 4 கிராம் போட்டால் கரைசல் மைபோலக் கறுக்கும், வெளிச்சம் முதல் சில மில்லிமீற்றரைத் தாண்டாது. கலக்கும் கருவி நின்றுபோய்த் தூள் அடியில் படிந்தாலும் கதை அதுதான்.

*தூளா, லைற்றா?* அதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சந்தையில் பி25 என்ற பெயரில் கிடைக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளில் கொஞ்சம் கடன் வாங்கி அதே லைற்றின் கீழ் வையுங்கள். அதுவும் அசையவில்லை என்றால் உங்கள் தூளில் குற்றமில்லை. பி25 வேலை செய்து உங்கள் தூள் செய்யவில்லை என்றால் பார்வையை உலைப் பக்கம் திருப்பலாம்.

*உலை.* தைத்தேனியம் பளிங்காவதற்கு 450 முதல் 500 பாகை வேண்டும். 600 தாண்டினால் வினைத்திறன் குறைந்த உரூற்றைல் வடிவமாக மாறத் தொடங்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் உலையின் திரை காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஒரு சிறு நாகத் துண்டைப் புடக்குகையில் (உலைக்குள் வைக்கும் சூடு தாங்கும் சிறு கிண்ணம்) வைத்து 400இல் அரை மணிநேரம் விடுங்கள். நாகம் உருகுவது ஏறத்தாழ 420 பாகையில். 400இல் உருண்டுபோனால் உலை காட்டுவதைவிடச் சூடு கூட. 440இலும் விளிம்பு கலையாமல் இருந்தால் சூடு குறைவு. இதற்குமேல் உலையைத் திறந்து கம்பி தொடும் வேலைக்கு நீங்கள் போக வேண்டாம். உலை திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள். உலை சரி, ஆனாலும் தூள் வேலை செய்யவில்லை என்றால் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் பளிங்கு வடிவத்தைக் காணும் சோதனை) எடுக்க வேண்டும். அது பெரிய பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கேட்டுச் செய்விக்கும் வேலை.

அறிகுறி 3: கறுப்பாக வர வேண்டிய தூள் வெள்ளைச் சாம்பலாக வந்தது

கரி எரிந்துவிட்டது. காற்றுப் பட்டால் கரி 350, 400 பாகையிலேயே எரியத் தொடங்கும். நீங்களோ தைத்தேனியத்துக்காக 450இல் வைத்திருக்கிறீர்கள். புடக்குகையை விளிம்புவரை நிரப்பி, மூடி போட்டு, அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றினால் பெருமளவு தப்பும். நைதரசன் வாயு ஓட்டக்கூடிய குழாய் உலை கிடைத்தால் இன்னும் நல்லது.

மூலப்பொருளையும் விசாரியுங்கள். புழுங்கல் மில்களில் உமியையே கொதிகலனுக்கு எரிப்பார்கள். அந்தக் குவியலில் இருந்து அள்ளி வந்தது கரியாக இராது, சாம்பலாகவே இருக்கும். உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. சிலிக்கா தூளைத் தாங்கும், வெளிச்சத்தில் தானாக எதையும் உடைக்காது. மில் சாம்பலை வைத்தும் வேலை செய்யலாம். ஆனால் அதை உமிக்கரி என்று எழுதக் கூடாது. ஒவ்வொரு குவியலும் வேறு வேறாக எரிந்திருப்பதால் இரண்டாவது தொகுதி முதல் தொகுதிபோல வராது. எரிக்காத உமியை வாங்கி நீங்களே கரியாக்குவதுதான் என் விருப்பம்.

மாரியில் இன்னொரு தொல்லை வரும். தைத்தேனியம் ஈரொட்சைட்டைச் செய்ய எடுக்கும் திரவமான தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டுப் போத்தலைத் திறந்ததும் வாயில் வெள்ளைக் கட்டி கட்டும், கரைசலில் விட்டால் பொருக்குப் பொருக்காக விழும். காற்றில் உள்ள ஈரம்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த எதனோலில் கொஞ்சம் அசற்றிக்கமிலம் கலந்து, அதற்குள் துளித்துளியாக விடுங்கள். உமியையும் முதல்நாளே அடுப்பில் உலர்த்தி வையுங்கள்.

அறிகுறி 4: மருந்தின் அளவீடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது

மூன்றாவது முகவையை எடுங்கள். மருந்தே இல்லாத தண்ணீர் நிறமாலை ஒளிமானியில் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஏதாவது காட்டுகிறதா?

காட்டினால் இரண்டில் ஒன்று. தண்ணீர் இலேசாகப் பால்போல இருந்தால் தூளின் நுண்துகள் வடிதாளைத் தாண்டி வந்திருக்கிறது. சாதாரண வடிதாளின் துளை ஏறத்தாழ 11 மைக்ரோமீற்றர். தைத்தேனியத் துகளோ அதில் பல நூறில் ஒரு பங்கு. 0.45 மைக்ரோமீற்றர் வடியிலும் கொஞ்சம் நழுவும். மையநீக்கி (வேகமாகச் சுற்றித் துகளை அடியில் படியவைக்கும் கருவி) இருந்தால் அதில் சுற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் மாதிரியை ஓரிரவு அசையாமல் வைத்துவிட்டு மேலிருந்து எடுங்கள். சிறு வடிகளும் மருந்தைக் கொஞ்சம் பிடிக்கும். அதனால் வடித்த முதல் சில மில்லிலீற்றரைத் தனிப் போத்தலில் ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீர் தெளிவாக, ஆனால் இலேசான தேநீர் நிறத்தில் இருந்தால் அது சரியாகக் கரியாகாத உமியிலிருந்து கசிந்த சாறு. பனடோலில் உள்ள பரசிற்றமோலை அளப்பது 243 நானோமீற்றரில். அந்தச் சாறும் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சும். கரியை முதலில் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவி, பிறகு கழுவும் நீர் நிறமில்லாமலும் நடுநிலையாகவும் வரும்வரை சுடுநீரால் கழுவுங்கள். பத்துத் தரம் கழுவ நேர்ந்தாலும் கழுவுங்கள். உமிக்கரியில் பொற்றாசிய உப்பு இருப்பதால் கழுவாத தூள் தண்ணீரின் பீஎச் அளவையும் உயர்த்திவிடும்.

மருந்து எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். கடையில் வாங்கிய வில்லையை அரைத்துப் போட்டால் மாப்பொருளும் பிணைப்பிகளும் சேர்ந்தே வரும். தண்ணீர் கலங்கும், அவையும் ஊக்கியின் வேலையை வாங்கிக்கொள்ளும். பழகிப் பார்க்க வில்லை போதும். அறிக்கையில் எழுதத் தூய பொருள் வேண்டும்.

அறிகுறி 5: காய்ச்சி வடித்த நீரில் நன்றாக வேலை செய்தது, கிணற்று நீரில் படுத்துவிட்டது

வன்னிப் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் வந்து முட்டும் சுவர் இது. அதுவரை 90 வீதம் காட்டிய தூள், வீட்டுக் கிணற்று நீரில் 30ஐத் தாண்டாது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே தண்ணீர்தான். மனம் தளர வேண்டாம். உங்கள் தூள் பழுதாகவில்லை, இப்போதுதான் உண்மையான தண்ணீரைச் சந்தித்திருக்கிறது.

*இருகாபனேற்றா என்று பாருங்கள்.* ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 0.3 கிராம் அப்பச்சோடா (சோடியம் இருகாபனேற்று) கரைத்து அதே பரிசோதனையைச் செய்யுங்கள். இங்கும் வேகம் விழுந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வெளிச்சம் பட்ட ஊக்கி உண்டாக்கும், மருந்தைத் தாக்க வேண்டிய ஐதரொட்சில் மூலிகங்களை இருகாபனேற்று இடையில் வாங்கிக்கொள்கிறது. உறுதிப்படுத்த, கிணற்று நீரில் அமிலம் விட்டுப் பீஎச் அளவை 4 ஆக்கி, அரை மணிநேரம் நன்றாகக் கலக்கிக் காபனீரொட்சைட்டை வெளியேற்றி, திரும்ப 7க்குக் கொண்டுவந்து சோதியுங்கள். வேகம் திரும்பும். இந்தக் கடைசிப் படியை நாக ஒட்சைட்டுத் தூளுக்குச் செய்யும்போது தூளைப் போடுவதற்கு முன்பே பீஎச் 7க்கு வந்திருக்க வேண்டும். அமிலத்தில் அது கரைந்துவிடும்.

*பீஎச் அளவு.* நம் பக்கக் கிணற்று நீர் பெரும்பாலும் 7க்கு மேலேதான். தைத்தேனியத்தின் மேற்பரப்பு 6, 6.5க்கு மேல் எதிரேற்றம் பெறும். வலிநிவாரணியான டைக்குளோபெனாக் போன்ற, தானும் எதிரேற்றத்தோடு நிற்கும் மருந்து அப்போது கிட்ட வராது. நாக ஒட்சைட்டுக்கு அந்த எல்லை 9 அளவில் இருப்பதால், இப்படியான மருந்துக்குக் கிணற்று நீரில் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

*கல்சியமும் மக்னீசியமும்.* நுண்ணுயிர்க்கொல்லியான ரெற்றாசைக்கிளினோடு இவை பிணைந்துகொள்ளும். அதன் 357 நானோமீற்றர் உச்சி (ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும் இடம்) சற்று நீள அலைப் பக்கம் நகரும். காய்ச்சி வடித்த நீரில் செறிவு தெரிந்த கரைசல்களை அளந்து வரைந்த நியமக் கோட்டை வைத்துக் கிணற்று மாதிரியை அளந்தால் எண் பிழையாக வரும். நியமக் கரைசல்களையும் அதே கிணற்று நீரிலேயே செய்யுங்கள்.

இரணைமடு போன்ற குளத்து நீர் என்றால் மழைக்காலக் கலங்கலும் இலைதழைச் சாறும் வெளிச்சத்தை மறைக்கும். தெளியவைத்து, வடித்து, பிறகு தொடங்குங்கள்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் உங்கள் கிணற்று நீரில் என்னென்ன இருக்கிறது என்ற அறிக்கை வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டி வன்மை, காரத்தன்மை, குளோரைட்டு, புளோரைட்டு அளவுகளைக் கேளுங்கள்.

அறிகுறி 6: முதல் தரம் நன்று, மூன்றாம் தரம் பாதிதான்

தூளை நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வடிப்பிலும் வடிதாளில் ஒட்டிக் கொஞ்சம் போய்விடும். எடை குறைந்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. எடை சரியென்றால் எதனோலால் கழுவி, சுத்தமான தண்ணீரில் இட்டு இரண்டு மணிநேரம் வெயிலில் வைத்து, 80 பாகையில் உலர்த்துங்கள். பழைய வேகத்துக்குக் கிட்ட வந்தால் மேற்பரப்பில் அழுக்கு அடைத்திருந்தது என்று பொருள். உலையில் போட்டுப் புதுப்பிக்கலாம் என்று சொல்வார்கள். கரி எரிந்துவிடும், செய்யாதீர்கள். நாக ஒட்சைட்டு என்றால் வெளிச்சத்திலேயே தானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தண்ணீரில் நாகம் இருக்கிறதா என்று அணு உறிஞ்சல் மானி உள்ள இடத்தில் அளப்பிக்க வேண்டும்.

அறிகுறி 7: உச்சி மறைந்துவிட்டது, ஆனால் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது

ரெற்றாசைக்கிளினில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர்மஞ்சள் கரைசல் செம்பழுப்பாகும். தாய் மூலக்கூறு உடைந்து வேறு துண்டுகள் வந்திருக்கின்றன. இரண்டாவது முகவையிலும் அதே நிறம் வந்தால் வெளிச்சமே பாதி வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பங்கை ஊக்கியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. லைற்றை இன்னும் சில மணிநேரம் விட்டு நிறம் கரைகிறதா என்று பாருங்கள், 200 முதல் 400 நானோமீற்றர்வரை முழு நிறமாலையையும் எடுத்து வையுங்கள்.

இங்கே நம் மானி நின்றுவிடும். துண்டுகள் எவை என்று அறிய, கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியும் மூலக்கூற்றின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலையும் வேண்டும். முழுவதும் காபனீரொட்சைட்டாகிவிட்டதா என்று அறிய மொத்தச் சேதனக் காபன் அளக்க வேண்டும். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு என்று பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் கேளுங்கள். எல்லா மாதிரிகளையும் அனுப்பிக் காசைக் கரைக்காமல் தொடக்கம், நடு, முடிவு என மூன்றும், இருட்டு முகவையில் ஒன்றும் அனுப்பினால் போதும். இருட்டில், குளிர்ப்பெட்டியில், தூள் துளியும் இல்லாமல் வடித்து அனுப்புங்கள். தூள் இருந்தால் வழியிலும் வினை நடக்கும்.

அறிகுறி 8: "அப்ப இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, பிள்ளை?"

கண்காட்சிகளில் இது எப்போதும் வரும் கேள்வி. கேட்பவர்களில் சிறுநீரக நோயாளிகள் உள்ள வீட்டுக்காரரும் இருப்பார்கள், வவுனியாப் பக்கம் குறிப்பாக. குடிக்க முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். இந்தத் தூள் புளோரைட்டை எடுக்காது, வன்மையைக் குறைக்காது, உப்பை நீக்காது. மருந்தின் துண்டுகளும் நுண்துகளும் தண்ணீரில் இருக்கலாம். அவர்களுக்கு இன்று வேண்டியது சோதித்த குடிநீர். அது எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மிச்சக் கரைசலை ஆய்வுகூடக் கானுக்குள் ஊற்றாதீர்கள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தென்றால் ஒரு துளிகூட. மூடியுள்ள கலனில் சேர்த்து, பெயரும் திகதியும் எழுதி, இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். பாவித்து முடிந்த கறுப்புத் தூளுக்கும் தனியாக ஒரு போத்தல் வையுங்கள்.